ஆறாவது முறை தொடாதே!

போன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை. இரண்டு கையும் சோப்புத் தண்ணீருக்குள் இருந்தன. எண்டோஸ்கோப்பியின் கறுப்புக் குழாயை உருவி உருவிக் கழுவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது குழாய்.

நின்றது. மறுபடியும் அடித்தது.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எடுத்தாள்.

"அக்கா... நான்தான்."

சின்ன டாக்டர். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"பெரியவர் விழுந்துட்டாரு அக்கா."

"எங்க?"

"வார்டுலயே. பேஷண்ட் பாத்துக்கிட்டு இருக்கும்போதே குளிர் தூக்கிப் போட்டிருச்சு. கண்ணெல்லாம் மஞ்சள். ஸ்கேன் எடுத்தாச்சு. பித்தக் குழாய்ல கல்லு. வாசல்லயே வந்து அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லுங்க."

"வேற ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாராம். நம்ம ரூம்லயே செய்யணுமாம். ஸ்கோப் நான் பிடிக்கணும். ஒயர் நீங்கதான் பிடிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. ஒரு மணி நேரத்துல கொண்டு வர்றோம்."

"அவரே சொன்னாரா, நான்தான் வேணும்னு?"

"அவரேதான்."

போனை வைத்தாள். தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது.

அந்தக் கண் சிரித்தது!

பதினோரு மாதம்... பதினோரு மாதமாக அவள் இந்த அறையில் குழாய் கழுவிக்கொண்டு காத்திருந்தது இந்த ஒரு போனுக்குத்தான்.

* * *

காரணம் இல்லாமல் யாரும் பதினோரு மாதம் காத்திருக்க மாட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

கல்லீரலில் ஊறும் பித்தம் ஒரு மெல்லிய குழாய் வழியாகக் குடலுக்கு இறங்குகிறது. அந்தக் குழாய் குடலில் திறக்கும் இடத்தில் ஒரு சின்ன மொட்டு. மொட்டின் நுனியில் கடுகளவு வாசல். கல் அடைத்துக்கொண்டால் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போய் எடுக்க வேண்டும். வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. வாய் வழியாகக் கேமராக் குழாயை இறக்கி, மொட்டுக்கு எதிரே நிறுத்தி, ஊசி கனத்தில் ஒரு வழுவழுப்பான ஒயரை அந்த வாசலுக்குள் நுழைத்தால் போதும். ஒயர் போய்விட்டால் மற்றதெல்லாம் அதன் மேலேயே ஏறிப் போய்விடும்.

குழாயைப் பிடிப்பது டாக்டர். ஒயரைப் பிடிப்பது பக்கத்தில் நிற்கிறவர். அவள் பன்னிரண்டு வருடமாக ஒயர் பிடிக்கிறவள்.

ஆனால் இதில் ஒரு வம்பு இருக்கிறது. அதே கடுகளவு வாசலில்தான் கணையத்தின் குழாயும் வந்து சேர்கிறது. வாசல் ஒன்று... வழி இரண்டு!

ஒயர் தப்பான வழியில் போனால் கணையம் ஒரு தடவை பொறுத்துக்கொள்ளும். இரண்டு தடவை பொறுத்துக்கொள்ளும். விடாமல் குத்திக்கொண்டே இருந்தால் வீங்கும். வீங்கிய கணையம் தன் சாற்றாலேயே தன்னைத் தின்ன ஆரம்பிக்கும்.

அதனால்தான் இந்த வேலையில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஐந்து முறை தொடலாம். அதற்குள் கிடைக்கவில்லை என்றால் அந்த வழியை விட்டுவிட்டு வேறு உத்திக்குப் போக வேண்டும். ஆறாவது முறை தொடக் கூடாது.

அவளுடைய தங்கைக்கும் ஒரு கல்தான் இருந்தது. சுண்டுவிரல் நக அளவு.

"பெரிய டாக்டர்கிட்ட போடி, அவரை விட்டா இதுக்கு ஆளே இல்லை" என்று அனுப்பி வைத்தவள் அவள்தான். தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே செய்திருக்கலாம். தங்கைக்கு ஒசத்தியான கை வேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளை இன்றுவரை தூங்க விடவில்லை.

அன்று சாயந்திரம் தங்கை போனில் பேசினாள். "அக்கா, வயித்துக்குள்ள யாரோ நெருப்பு வச்ச மாதிரி இருக்கு." அதுதான் கடைசிப் பேச்சு. மூன்றாம் நாள் உடம்பைத்தான் கொடுத்தார்கள்.

பெரிய டாக்டர் கைப்பட எழுதிய குறிப்பில் ஒரே வரி இருந்தது.

'முதல் முயற்சியிலேயே வெற்றி.'

கூடவே ஒரு எக்ஸ்ரே படமும் இருந்தது. ஒயர் பித்தக் குழாயில் ஜம்மென்று ஏறியிருந்தது. அவள் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஈரலுக்குக் கீழே நாலு வெள்ளைப் புள்ளி. பித்தப்பையை அறுத்தெடுத்தவர்களுக்குப் போடும் உலோகக் கிளிப்.

தங்கையின் வயிற்றில் அதுவரை கத்தியே பட்டதில்லை!

பேர் போடாமல் ஒரு மனு அனுப்பினாள். விசாரணைக் குழு உட்கார்ந்தது. தலைவர் படத்தைப் பார்த்தார். வேறு யாரோ நோயாளியின் படம் தவறுதலாகச் சேர்ந்திருக்கலாம் என்றார். பெரிய டாக்டர் மேல் பிழை இல்லை என்று நாலு வரியில் முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

அவள் அழவில்லை. தன் ஆஸ்பத்திரி வேலையை விட்டாள். இங்கே, பெரிய டாக்டரிடமே வந்து சேர்ந்தாள். ஒயர் பிடிக்கத் தெரிந்த ஆளுக்குப் பஞ்சம் என்பதால் உடனே எடுத்துக்கொண்டார்கள். ஊர் என்ன, வீட்டில் யார் யார் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய டாக்டர் அவள் பேரைக்கூடக் கேட்கவில்லை. அவருக்கு மனிதர்கள் கிடையாது, கருவிகள்தான். ஒயர் பிடித்தால் 'ஒயரு'. எக்ஸ்ரே பார்த்தால் 'எக்ஸ்ரே'. அவ்வளவுதான்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு எண். எத்தனை முறை தொட்டார்? அது அவர் வாயிலிருந்து வர வேண்டும். அதற்கப்புறம் அவரை என்ன செய்வது என்று அவள் இன்னும் தீர்மானிக்கவில்லை.

* * *

பதினொன்றரைக்குத் தள்ளுவண்டி வந்தது.

மஞ்சளாகக் கிடந்தார் பெரிய டாக்டர். உதடு நடுங்கியது. அந்த நிலையிலும் அதிகாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. வண்டி ஆடுகிறது என்று தள்ளுகிறவரைத் திட்டினார். மெத்தை ஜில்லென்று இருக்கிறது என்று நர்ஸைத் திட்டினார். திட்டி முடித்துவிட்டுச் சின்ன டாக்டரைக் கூப்பிட்டார்.

"வகுப்பறைக்கு நேரலை கொடுத்தாச்சா?"

"கொடுக்கறோம் சார்."

"மூத்த டாக்டருங்க மூணு பேரையும் வரச் சொன்னேனே?"

"வந்துட்டாங்க சார். மேல உக்காந்திருக்காங்க."

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய டாக்டருக்குத் தன் கைவேலையை நாலு பேர் பார்க்க வேண்டும். அவர் செய்யும் சிகிச்சை எல்லாம் மாடி வகுப்பறையில் நேரலையாக ஓடும். நாற்பது மாணவர்கள் பார்ப்பார்கள், கேட்பார்கள். மயக்கம் கொடுத்து, மேசையைச் சாய்த்து, எல்லாம் தயாரான பிறகுதான் இவர் அறைக்குள் காலெடுத்து வைப்பார். திரைக்கு மேலே, நேரலை ஓடினால் எரியும் சிவப்பு விளக்கைப் பார்ப்பார். எரிகிறது என்று தெரிந்த பிறகுதான் திருவாய் மலர்வார்.

இன்றைக்கு நோயாளி அவரே. பயம் வந்துவிட்டது. சின்னவன் தடுமாறினால் மூத்தவர்கள் மேலேயிருந்து மைக்கில் சொல்லிக் கொடுக்கட்டும் என்று தானே ஏற்பாடு செய்திருந்தார். வேண்டுமென்று யாரும் எதுவும் செய்துவிடக் கூடாது என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. பத்துப் பேரை மிதித்து ஏறியவருக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும்.

குப்புறப் படுக்க வைத்தார்கள். முகத்தை வலது பக்கம் திருப்பினார்கள். அவர் முகத்துக்கு நேரே சின்ன டாக்டரும் அவளும் நின்றார்கள்.

மயக்க டாக்டரம்மா தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார். இந்த ஆஸ்பத்திரிக்குப் புதியவர். யாருக்கும் பயப்படாத ஆள். "சார், நீங்க கொஞ்சம் வாயை மூடினா நான் பல்லைப் பாத்துக்குவேன்... தப்பாச் சொல்லிட்டேன், திறந்தா" என்றார். பெரிய டாக்டர் முறைத்தார்.

அவள் சுவரில் மாட்டியிருந்த அட்டையைக் கையில் எடுத்தாள்.

ஊசி போடுவதற்கு முன்னால் பட்டியல் வாசிக்க வேண்டும். கேள்வி கேட்பது ஒயர் பிடிப்பவளின் வேலை. நோயாளி தன் வாயால் பதில் சொல்ல வேண்டும்.

"உங்க பேரைச் சொல்லுங்க சார்."

"என் பேரு உனக்குத் தெரியாதா?"

"பட்டியல்ல இருக்கு சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். வயது ஐம்பத்தெட்டு என்றார். என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டாள், சொன்னார். இன்று என்ன கிழமை என்று கேட்டாள். இதெல்லாம் எதுக்கு என்று எரிந்து விழுந்துவிட்டு அதையும் சரியாகச் சொன்னார்.

மயக்க டாக்டரம்மா தன் பங்கை ஒப்பித்தார். "மணி பதினொண்ணு நாற்பது. நினைவு தெளிவா இருக்கு. மயக்க ஊசி இன்னும் எதுவும் போடலை."

"முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஏதாவது?"

"இல்லை."

"அப்போ எக்ஸ்ரேல கிளிப் எதுவும் தெரியக் கூடாது."

"தெரியாது. அடுத்ததைக் கேளு."

"இல்ல சார், போன வருஷம் ஒரு கேஸ்ல படம் மாறிப்போச்சுன்னு பேசிக்கிட்டாங்க. உங்க படமும் மாறிடக் கூடாதேன்னுதான்."

வலிக்கு நடுவிலும் பெரிய டாக்டருக்குச் சிரிப்பு வந்தது.

"அது எங்க மாறுச்சு? மாத்தினேன்."

சின்ன டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

அவள் அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியை வாசித்தாள்.

"அஞ்சு தடவைக்குள்ள பித்தக் குழாய் கிடைக்கலைன்னா என்ன செய்யணும்னு நோயாளிக்குச் சொல்லணும் சார்."

"நிறுத்தணும். அஞ்சோட நிறுத்தணும்! கணையத்துக்குள்ள ரெண்டு தடவை போயிட்டாலே முறையை மாத்தணும். இவன்கிட்ட சொல்லி வை."

"நீங்க நிறுத்த மாட்டீங்களே சார். எண்ணிக்கிட்டு நிக்கறவன் இந்த வேலைக்கே லாயக்கில்லைன்னு வகுப்புல சொல்லியிருக்கீங்க."

"அது அடுத்தவன் வயிறு. இது என் வயிறு."

மயக்க டாக்டரம்மாவின் கையில் இருந்த ஊசி அப்படியே நின்றது.

"ஆறாவது தடவை போனா அவ்வளவு ஆபத்தா சார்?" அவள் குரல் தண்ணீர் மாதிரி இருந்தது. எந்த வேகமும் இல்லை.

"எனக்கே பாடம் நடத்தறியா? அந்தப் பொண்ணுக்குப் பதினாலு தடவை போனேன். இதோ நிக்கறானே, இவன்தான் அன்னைக்கு ஒயரு. போதும் சார், போதும் சார்னு புலம்பித் தள்ளினான். பக்கத்து ஆஸ்பத்திரிக்காரனைக் கூப்பிடலாம்னு வேற யோசனை சொன்னான். என்னால ஆகலைன்னு நான் இன்னொருத்தனைக் கூப்பிடறதா?"

குளிர் அவரை ஒரு முறை உலுக்கியது. அடங்கியதும் மீதியையும் சொன்னார்.

"நல்லவேளை, அன்னைக்கு வகுப்பு இல்லை. பதிவை அழிச்சாச்சு, படத்தை மாத்தியாச்சு, கதை முடிஞ்சுது. ஆனா மூணாம் நாள் அந்த வயிறு இருந்த இருப்பை நான் கண்ணால பாத்தேன். எனக்கு அது வரக் கூடாது. புரிஞ்சுதா ஒயரு?"

பதினாலு!

கடைசியில் கிடைத்தேவிட்டது. பதினோரு மாதமாகத் தேடிய எண்!

பதினாலு முறை குத்தியிருக்கிறார். கூட நின்றவன் போதும் போதும் என்று கெஞ்சியும் குத்தியிருக்கிறார். அவளுக்கு அந்த அட்டையாலேயே அவர் முகத்தில் அறைய வேண்டும் போல இருந்தது.

"நல்லாப் புரிஞ்சுது சார்" என்றாள். "ஊசியைப் போடுங்க டாக்டரம்மா."

* * *

பெரிய டாக்டர் தூங்கிப்போனார்.

குழாய் வாய்க்குள் இறங்கியது. இரைப்பையைத் தாண்டியது. குடலில் திரும்பியது. திரையில் மொட்டு தெரிந்தது. கல் உள்ளேயிருந்து முட்டியதில் மொட்டு வீங்கிச் சிவந்து பளபளத்தது.

சின்ன டாக்டரின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

"போறேன் அக்கா."

"போங்க."

ஒயர் வாசலைத் தொட்டது. வழுக்கிக்கொண்டு விலகியது.

"ஒண்ணு" என்றாள் சத்தமாக.

மறுபடி தொட்டான். உள்ளே போனது! இருவரும் எக்ஸ்ரே திரையைப் பார்த்தார்கள். ஒயர் ஈரலை நோக்கி மேலே ஏறவில்லை. குறுக்கே முதுகெலும்பைத் தாண்டிக்கொண்டு போனது.

கணையம்.

"ரெண்டு. வெளிய எடுங்க."

எடுத்தான். சுவரில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தான். மூத்தவர்கள் மூன்று பேர் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். சாதாரணமாக இந்நேரம் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"ஏன் அக்கா யாருமே பேச மாட்டேங்கறாங்க?"

"நீங்க மொட்டைப் பாருங்க."

மூன்றாவது முறை. ஒயர் உள்ளே போனது. மறுபடியும் குறுக்கே திரும்பியது. மறுபடியும் கணையம்!

"மூணு" என்றாள்.

சின்ன டாக்டர் அசையாமல் நின்றான். ஒயரைச் சுமந்து போகும், நுனியில் கத்தி வைத்த மெல்லிய குழல் அவன் கையில். ஆனால் ஒயர்?

ஒயர் அவள் விரலில்!

இன்னும் கொஞ்சம் தள்ளினால் போதும். சும்மா இரண்டு விரலால் தள்ளினால் போதும். கணையத்தின் கடைசிவரை போய்க் குத்தும். வெளியே இழுக்கலாம், மறுபடி தள்ளலாம். நாலு, அஞ்சு, ஆறு என்று பதினாலு வரைக்கும் போகலாம். கைராசி இல்லாத சின்ன டாக்டர் என்றுதான் ஊர் சொல்லும். மூன்றாம் நாள் இந்த ஆளுடைய வயிறும் அந்த வயிறு மாதிரியே ஆகும்.

அவளுக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்வானேன்? கொல்ல வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. 'யாரோ நெருப்பு வச்ச மாதிரி இருக்கு' என்ற குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. விரல் நுனி ஒயரை அழுத்தியது.

"அக்கா...?"

செத்துப்போனால் என்ன செய்வார்கள்? பெரிதாக ஒரு படம் மாட்டுவார்கள். மாடி வகுப்பறைக்கு இவர் பேரை வைப்பார்கள். செத்தவரை எதற்குக் குறை சொல்ல வேண்டும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். தங்கையின் குறிப்பில் 'முதல் முயற்சியிலேயே வெற்றி' என்ற வரி அப்படியே கிடக்கும்.

அவ்வளவு சுலபமாகப் போகவிடுவதா? முடியவே முடியாது!

விரலைத் தளர்த்தினாள்.

"குழலை மட்டும் வெளிய எடுங்க டாக்டர். ஒயர் கணையத்துலயே கிடக்கட்டும்."

"அங்கயே விடறதா?"

"ரெண்டு ஒயர் போடுவோம். அந்த வழியில இது கிடந்தா, அடுத்தது அங்க போக இடம் இருக்காது. இதுக்குப் பக்கத்துலயே, இதுக்கு இடது கைப் பக்கமா மேல பாத்துப் போங்க. கடிகாரத்துல பதினொண்ணு இருக்கற இடம்."

இரண்டாவது ஒயரைப் பிரித்துக் கொடுத்தாள். கத்திக் குழலின் நுனி வில் மாதிரி வளைந்து மேலே நிமிர்ந்தது. முதல் ஒயரை உரசிக்கொண்டே வாசலைத் தொட்டது.

அவள் மெதுவாக, மிக மெதுவாகத் தள்ளினாள். விரலுக்கு எந்தத் தடையும் தெரியவில்லை.

எக்ஸ்ரே திரையில் ஒயர் குறுக்கே திரும்பவில்லை. நேராக ஈரலைப் பார்த்து ஏறியது!

"நாலு" என்றாள். "கிடைச்சாச்சு."

சின்ன டாக்டர் முகமூடிக்குள் அழுதுவிட்டான்.

மற்றது பத்து நிமிட வேலை. கத்தி வாசலை அகலப்படுத்தியது. தேங்கிக் கிடந்த சீழும் பித்தமும் குபுகுபுவென்று கொட்டின. கல் உருண்டு குடலுக்குள் விழுந்தது. கணையத்தில் கிடந்த முதல் ஒயரின் மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வைத்தார்கள். கணையம் வீங்காமல் இருக்க அது ஒரு பாதுகாப்பு. அதற்குரிய மாத்திரையையும் ஆசனவாயில் வைத்தாள். தங்கைக்கு இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

ஒலிபெருக்கி கடைசிவரை பேசவே இல்லை.

* * *

மறுநாள் காலை ஒன்பது மணி.

பெரிய டாக்டர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் இல்லை. வயிற்று வலி இல்லை. கண்ணில் மஞ்சள் பாதி இறங்கியிருந்தது. அதிகாரம் முழுசாகத் திரும்பியிருந்தது. தண்ணீர் கேட்டுக் கேட்டு நர்ஸை விரட்டிக்கொண்டிருந்தார்.

அவள் நோட்டோடு உள்ளே வந்தாள். பின்னால் சின்ன டாக்டர்.

"வா ஒயரு. எத்தனையாவது தடவை?"

"நாலாவது தடவை சார்."

"அஞ்சுக்குள்ள முடிச்சிட்டீங்க. பரவாயில்லையே! அந்தப் பதிவை எடுத்து வை. அடுத்த மாநாட்டுல நான் பேசப் போறேன்."

"எடுத்துட்டாங்க சார்."

"யாரு?"

கதவு திறந்தது. மூத்தவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். முன்னால் வந்தவர் விசாரணைக் குழுத் தலைவர். நாலு வரியில் கேஸை மூடியவர். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

பெரிய டாக்டர் உற்சாகமாகக் கை நீட்டினார். "வாங்க வாங்க! பாத்தீங்களா நம்ம பசங்க கையை?"

தலைவர் கையைக் கொடுக்கவில்லை.

"பாத்தோம். கேட்டோம். பதினாலு தடவைங்கறதையும் கேட்டோம்."

பெரிய டாக்டரின் கை நீட்டியபடியே நின்றது.

"என்ன... என்ன பதினாலு?"

"படம் மாறலை, மாத்தினேன்னு சொன்னதையும் கேட்டோம். பதிவை அழிச்சாச்சுன்னு சொன்னதையும் கேட்டோம். நாப்பது பசங்களும் கேட்டாங்க. கேட்டுட்டுத் திரும்பி என் மூஞ்சியைப் பாத்தாங்கய்யா. நான்தானே உனக்குப் பிழை இல்லைன்னு கையெழுத்துப் போட்டவன்!"

"அது எப்படி... நேரலை குழாய் உள்ள போனப்புறம்தானே..."

அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"இல்ல சார். பட்டியல் வாசிக்கும்போதே ஆரம்பிச்சிடும். பேரு, தேதி, கேள்வி பதில் எல்லாம் பதிவுல இருக்கணும்னு விதி. இத்தனை வருஷத்துல நீங்க ஒரு நாள்கூட பட்டியல் முடியறதுக்கு முன்னாடி அந்த ரூமுக்குள்ள வந்ததில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விளக்கு? சிவப்பு விளக்கு எரியலையே! நான் பாக்கலையே!"

"எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு சார். மேசையில படுத்தவங்களுக்கு அது பின்னந்தலைப் பக்கம். நின்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும்."

பெரிய டாக்டர் சின்ன டாக்டரைப் பார்த்தார்.

"நீ நின்னுக்கிட்டுத்தானேடா இருந்தே? விளக்கு உனக்கு நேரே எரிஞ்சுதே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் சார் வாயைத் திறந்தேன்." அவன் தரையைப் பார்த்தபடி பேசினான். "அந்தப் பொண்ணுக்கு ஒயர் பிடிச்சது நான். போதும்னு சொன்னேனே தவிர, கையை எடுக்கலை. அது ஞாபகம் வந்துச்சு. மூடிக்கிட்டேன். நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன் சார், என் தப்பையும் சேத்து."

"மயக்கத்துல உளறினதையெல்லாம் வச்சுக்கிட்டு..."

"மணி பதினொண்ணு நாற்பது. நினைவு தெளிவா இருக்கு. மயக்க ஊசி இன்னும் எதுவும் போடலை." தலைவர் அப்படியே ஒப்பித்தார். "டாக்டரம்மா குரல் கணீர்னு கேட்டுச்சு. கிழமைகூடச் சரியாச் சொன்னியே. போலீஸ் கீழ உக்காந்திருக்கு. நீ எழுந்து நடக்கறவரைக்கும் இருக்காங்களாம்."

பெரிய டாக்டர் தலையணையில் சரிந்தார். முகத்தில் மஞ்சள் போய் வெள்ளை வந்தது. பதினோரு மாதத்தில் முதல்முறையாக, எதிரே நிற்கும் கருவிக்கு ஒரு முகம் இருப்பதைப் பார்த்தார்.

"யாரு நீ?"

"அந்தப் பொண்ணுக்கு அக்கா."

அவர் அவள் விரலையே பார்த்தார். கடைசியில் அவருக்குப் பாதிக் குரல்தான் வந்தது.

"ஒயர் உன் கையில இருந்துச்சே... ஏன் என்னை விட்டுட்டே?"

"விடலை சார். பிடிச்சு வச்சிருக்கேன். என் தங்கச்சியால பதில் சொல்ல முடியாது. நீங்க நல்லா ஆரோக்கியமா இருந்து, ஒவ்வொருத்தர் முன்னாலயும் நின்னு சொல்லணும். குறிப்புல அந்த ஒரு வரியை அடிச்சுட்டுப் பதினாலுன்னு உங்க கையாலயே எழுதணும். அதுக்கு நீங்க வேணும் சார்."

பெரிய டாக்டரின் உதடு உலர்ந்திருந்தது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கையை மேசைப் பக்கம் நீட்டினார்.

"தண்ணி... ஒரு வாய்த் தண்ணி..."

அவள் டம்ளரை எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தாள். நோட்டில் எழுதியிருந்ததை நிதானமாக வாசித்துக் காட்டினாள்.

"சாயந்திரம் வரைக்கும் உங்க வாய்க்கு வேலையே கொடுக்கக் கூடாதாம் சார். நேத்துதான் அளவுக்கு மேல கொடுத்துட்டீங்களே!"